பத்தாம் திகதிச் சம்பளமும் கடைக் கொப்பியும்

பதுளை, பசறை, ஹாலி-எல, பண்டாரவளை, அப்புத்தளை, ஹல்துமுல்ல என்று எங்கே போனாலும் தோட்டத்து மாதத்தில் இரண்டு நாட்கள்தான் பெரிய நாட்கள். பத்தாம் திகதியை ஒட்டிச் சம்பளம் வரும். இருபத்தைந்தாம் திகதியை ஒட்டி முற்பணம் வரும். இந்த இரண்டு நாட்களுக்கும் இடையில் வீட்டை நடத்துவது கடைக்காரரின் கொப்பி. அரிசி, கோதுமை மா, சீனி, பருப்பு, தேங்காய், சவர்க்காரம் எல்லாம் அந்தக் கொப்பியில் ஏறிவிடும். சம்பளம் வந்த அன்றே கொப்பிக்குப் பாதி போய்விடும். மிஞ்சியது வட்டிக்கும் அடகுக்கும் போகும். பன்னிரண்டாம் திகதி மீண்டும் அதே கொப்பியில் புதிய பக்கம் திறக்கப்படும்.

"சிக்கனமாக இருங்கள்" என்று இந்த மக்களுக்குச் சொல்ல வருபவர்கள் பலர். அரசாங்க உத்தியோகத்தர் சொல்கிறார், வங்கிக்காரர் சொல்கிறார், எம்மைப் போன்றவர்களும் சொல்கிறோம். காலையில் ஒரு ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டு மலையேறும் ஒரு தாயிடம் இன்னும் எதைக் குறைக்கச் சொல்வது? ஆகவே இக்கட்டுரையில் வயிற்றைக் குறைக்கும் வழி எதையும் நாம் சொல்லப் போவதில்லை. பணம் வீட்டுக்கு வந்த பிறகு எந்தெந்த ஓட்டைகளால் ஒழுகிப் போகிறது என்பதையும், அவற்றில் எவற்றை நாமே அடைக்கலாம் என்பதையும் பார்ப்போம்.

இவ்விதழை வாசிக்கும் குடும்பங்களில் பல, மண்சரிவாலோ போராலோ கலவரத்தாலோ தாம் பயிரிட்ட மண்ணை விட்டு வந்தவை. அப்படிப்பட்ட குடும்பத்துக்கு இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. சொந்த இடத்தில் இருந்தபோது கீரை வேலியில் கிடைத்தது. பலாக்காய் மரத்தில் கிடைத்தது. விறகு காட்டில் கிடைத்தது. பால் பட்டியில் கிடைத்தது. இடம் மாறியதும் இவை எல்லாவற்றுக்கும் விலை வந்துவிட்டது. வருமானம் கூடவில்லை; காசு கொடுத்து வாங்க வேண்டிய பொருட்களின் பட்டியல் மட்டும் கூடியது.

கடன் நம்மோடு எப்படி வந்தது?

மலையக மக்களின் கடனை அவர்களது ஊதாரித்தனத்தின் விளைவு என்று பேசுவது வழக்கமாகிவிட்டது. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. தென்னிந்தியாவிலிருந்து ஆட்களைத் திரட்டி வந்த கங்காணி, வழிச்செலவைக் கடனாகவே எழுதிக்கொண்டார். தோட்டத்தில் காலடி வைக்கும்போதே தொழிலாளி கடனாளியாக இருந்தார். பின்னர் "துண்டு" என்ற முறை வந்தது. இன்ன தொகைக் கடனைத் தீர்ப்பவர் இந்த ஆட்களை அழைத்துக்கொள்ளலாம் என்று எழுதிய காகிதமே துண்டு. மனிதரோடு அவரது கடனும் தோட்டம் விட்டுத் தோட்டம் மாறியது. 1921ஆம் ஆண்டுச் சட்டம்தான் துண்டு முறையை ஒழித்தது. 1927இல் இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தபோதும், தோட்டம் கொடுக்கும் அரிசியின் விலை சம்பளத்தில் கழிக்கப்பட்டே வந்தது.

இதை ஏன் சொல்கிறோம்? சம்பளம் கைக்கு வருமுன்பே செலவாகிவிடும் முறை நமது பாட்டன்மார் விரும்பி ஏற்ற பழக்கம் அல்ல. அது அவர்கள்மீது சுமத்தப்பட்ட ஏற்பாடு. துண்டு போய்விட்டது, கங்காணியின் கடன் போய்விட்டது. ஆனால் "முதலில் பொருள், பிறகு காசு" என்ற அந்த ஓட்டம் கடைக் கொப்பியிலும் அடகுச் சீட்டிலும் தவணைக் கடனிலும் இன்றும் தொடர்கிறது. சுமத்தப்பட்ட ஒன்றை இறக்கி வைக்கவும் முடியும். அதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை.

முதலில், தொடக்கூடாத செலவுகள்

பணம் குறைந்தால் நாம் முதலில் எதை நிறுத்துகிறோம்? பருப்பை, முட்டையை, கருவாட்டை, பிள்ளையின் பாலை. அடுத்ததாகப் பள்ளிக்கூடச் செலவை. அடகுக் கடைக்காரரின் வட்டியை மட்டும் நிறுத்துவதில்லை. அவர் கேட்பார் என்பதால் அது ஒழுங்காகப் போகிறது. பிள்ளையின் உடம்பு உடனே வாய்திறந்து கேட்பதில்லை.

1973, 1974ஆம் ஆண்டுகளின் பஞ்சக்காலத்தை நினைவில் வைத்திருக்கும் முதியவர்கள் இன்றும் ஊவாத் தோட்டங்களில் இருக்கிறார்கள். அரிசி, மாவுப் பங்கீடு குறைக்கப்பட்ட அந்நாட்களில் தோட்ட மக்கள் பட்ட பாட்டை அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பின்னர் 2022இல் நாடே நெருக்கடியில் விழுந்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பொருட்களின் விலை ஓராண்டுக்குள் 94.9 சதவீதம் ஏறியிருந்தது. அக்காலத்தில் நகரத்தையும் கிராமத்தையும்விடத் தோட்டங்களிலேயே உணவுத் தட்டுப்பாடு கடுமையாக இருந்தது. விலைகள் ஏறிய வேகம் பின்னர் தணிந்தாலும், அந்த நாட்களில் தட்டிலிருந்து நீங்கிய பருப்பும் முட்டையும் பல வீடுகளில் தாமாகவே திரும்பி வந்துவிடவில்லை.

ஆகவே சிக்கனத்தின் முதல் விதியாக இதை வைத்துக்கொள்வோம்: ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளை, கர்ப்பிணித் தாய், பாலூட்டும் தாய் ஆகியோரின் தட்டில் கைவைக்கக் கூடாது. நோய்க்கான மருந்து, பள்ளிப் பிள்ளையின் கொப்பி, சப்பாத்து, பஸ் காசு ஆகியவற்றிலும் கைவைக்கக் கூடாது. மீதியில்தான் குறைக்க இடம் தேட வேண்டும்.

செலவே இல்லாமல் தட்டின் தரத்தை உயர்த்தவும் சில வழிகள் உண்டு. நமது பெண்களிடையே இரத்தச் சோகை அதிகம். ரொட்டியோடு சாயத்தண்ணீரைக் குடிப்பது நம் வழக்கம். ஆனால் உணவிலுள்ள இரும்புச் சத்தை உடல் உறிஞ்சுவதைத் தேயிலைச் சாயம் தடுக்கிறது. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துத் தேநீர் குடித்தால் அந்தச் சத்து உடம்பில் சேரும். கீரைச் சுண்டலில் அரைத் தேசிக்காயைப் பிழிந்தால் கீரையின் இரும்புச் சத்து இன்னும் நன்றாகச் சேரும். கோதுமை மா ரொட்டியை வெறும் சம்பலோடு உண்பதைவிடக் கொஞ்சம் பருப்போடோ, கௌப்பியோடோ, பயற்றோடோ உண்டால் இரண்டின் புரதமும் ஒன்றையொன்று நிறைவு செய்யும். கர்ப்பிணிகளுக்கும் எடை குறைந்த பிள்ளைகளுக்கும் சிகிச்சை நிலையங்களில் திரிபோஷ வழங்கப்படும்போது, அதை வீட்டார் எல்லோரும் பங்கிட்டு உண்ணாமல் உரியவருக்கே கொடுப்பதும் ஒரு சிக்கனம்தான்.

இரண்டாவது கொப்பி

கடைக்காரரிடம் ஒரு கொப்பி இருக்கிறது. நம் வீட்டில் இல்லை. நாம் எவ்வளவு வாங்கினோம் என்பது அவருக்குத் தெரிகிறது, நமக்குத் தெரிவதில்லை. இந்த வித்தியாசத்தை நீக்குவதே முதல் வேலை. பள்ளிப் பிள்ளையின் பழைய கொப்பியில் மிஞ்சிய பக்கங்களே போதும். எழுத வராத பெற்றோருக்குப் பிள்ளை எழுதிக் கொடுக்கலாம்.

ஒரு மாதத்துக்கு எதையும் மாற்ற வேண்டாம். எழுதினால் மட்டும் போதும். இடது பக்கத்தில் வரவு: பேர் எத்தனை, அரைப் பேர் எத்தனை, கைக்காசு எவ்வளவு, கழிவுகள் போகக் கைக்கு வந்தது எவ்வளவு. வலது பக்கத்தில் செலவை நான்கு பிரிவாக எழுதலாம்.

1. உணவு, மருந்து, பள்ளிக்கூடம்
2. விறகு, மண்ணெண்ணெய், மின்சாரம், சவர்க்காரம், பஸ் முதலிய வீட்டுச் செலவு
3. வட்டி, அடகு, தவணைக் கடன், சீட்டு
4. வெற்றிலை, புகையிலை, பீடி, சாராயம், விழா, தொலைபேசி அட்டை

ஒரு மாதிரிக் கணக்கைப் பார்ப்போம். தொகைகள் கணக்குக்காக வைத்தவையே. அவரவர் தொகையை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளலாம். இருவர் உழைக்கும் வீட்டில் மாதம் 40,000 ரூபா கைக்கு வருகிறது. பிள்ளையின் சடங்குக்காக வாங்கிய 20,000 ரூபாக் கடனுக்கு மாதம் நூற்றுக்குப் பத்து வட்டி. அதாவது மாதம் 2,000 ரூபா. வேலை நாட்கள் இருபதிலும் நாளுக்கு 300 ரூபா குடிக்குப் போனால் 6,000 ரூபா. இரண்டும் சேர்ந்து 8,000. அந்த வீட்டின் வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு சோற்றுப் பானையைத் தொடாமலே போய்விடுகிறது. வட்டியை மட்டும் எடுத்துக்கொண்டால் ஓராண்டில் 24,000 ரூபா கட்டியாயிற்று. வாங்கிய கடனைவிடக் கூடக் கட்டிய பின்பும் முதல் 20,000 அப்படியே நிற்கிறது. முட்டை ஒன்று 40 ரூபா என்று வைத்தால் ஒரு மாத வட்டியில் ஐம்பது முட்டை வாங்கலாம்.

இந்தக் கணக்கைக் கணவனும் மனைவியும் ஒன்றாக அமர்ந்து பார்க்க வேண்டும். ஒருவரை ஒருவர் குற்றம் சாட்டுவதற்காக அல்ல. காசு எங்கே போகிறது என்பதை ஒரே தாளில் இருவரும் காண்பதற்காக. தோட்டங்களில் பெண்ணின் சம்பளத்தைக் கணவனோ தகப்பனோ வாங்கிச் செல்லும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. கொழுந்து பறித்தவர் தன் சம்பளச் சீட்டைத் தானே வாங்கி, தானே வாசித்து, தன் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் பெற்றுக்கொள்வதே முறை. அப்படிச் செய்யும் வீடுகளில் முதலாம் பிரிவுக்கு முதலிடம் கிடைப்பதை நாம் கண்டிருக்கிறோம்.

ஊவாவுக்கென்று ஒரு தனிக் கணக்கும் உண்டு. ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வரண்ட காற்றில்தான் ஊவாத் தேயிலைக்கு உலகம் போற்றும் மணம் ஏறுகிறது. அதே மாதங்களில் கொழுந்து குறைகிறது, பேரும் குறைகிறது. தேயிலைக்குப் பேர் வரும் காலத்தில் நமக்குப் பேர் விழுவதில்லை. இது ஆண்டுதோறும் வருவது. ஆகவே சித்திரை மழைக்குப் பின் கொழுந்து கூடும் மாதங்களில் சிறு தொகையை ஒதுக்கி வைப்பதும், கொழுந்து குறையும் மாதங்களில் புதிய தவணைக் கடன் எதையும் தொடங்காதிருப்பதும் அறிவுடைமை.

சிறு பொட்டலத்தின் பெரிய விலை

கையில் இருபது ரூபா உள்ளவர் நூறு ரூபாப் பொருளை வாங்க முடியாது. ஆகவே ஏழை சிறுகச் சிறுக வாங்குகிறார். சிறுக வாங்குவதால் கூட விலை கொடுக்கிறார். மிளகாய்த்தூள், தேயிலைத்தூள், பால்மா, சவர்க்காரத்தூள் ஆகியவற்றின் சிறு பக்கற்றை எடுத்துப் பாருங்கள். நூறு கிராம் பக்கற்றின் விலையைப் பத்தால் பெருக்கி, ஒரு கிலோவின் விலைக்குப் பக்கத்தில் எழுதுங்கள். அந்த வித்தியாசமே நமது வறுமைக்கு நாம் கட்டும் வரி. கடனுக்குக் கொடுக்கும் கடையில் விலையும் சில வேளை கூடியிருக்கும். கடன்பட்டவர் "இது கூட" என்று வாதாட முடியாது.

இதற்கு வழி உண்டா? உண்டு. 1844ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ரொச்டேல் என்ற ஆலை நகரத்தில் இருபத்தெட்டுப் பேர் ஒன்றுகூடினார்கள். அவர்களில் பலர் நெசவாளர். கடன் கொடுக்கும் கடைகளில் கலப்படப் பொருளைக் கூடிய விலைக்கு வாங்கிக் களைத்தவர்கள். ஆளுக்கு ஒரு பவுண் சேர்த்து, அவ்வாண்டு டிசெம்பரில் ஒரு சிறு கடையைத் திறந்தார்கள். மாவு, ஓட்ஸ் மா, வெண்ணெய், சீனி என்று ஒருசில பொருட்களே அங்கு இருந்தன. சரியான நிறை, கலப்படம் இல்லாத பொருள், கடன் இல்லை, ஆதாயம் உறுப்பினருக்கே என்பவை அவர்களது விதிகள். உலகெங்கும் இன்று காணும் கூட்டுறவுக் கடைகளுக்கு அந்தச் சிறு கடையே முன்மாதிரி.

நாம் கடை திறக்க வேண்டியதில்லை. ஒரு லயத்தில் ஐந்து குடும்பங்கள் சேர்ந்தாலே போதும். சம்பள நாளில் ஆளுக்கு ஒரு சிறு தொகை போட்டு, பதுளைக்கோ பண்டாரவளைக்கோ ஒருவரோ இருவரோ போய், பருப்பு, சீனி, தேங்காய் எண்ணெய், உப்பு ஆகிய நான்கையும் மொத்தமாக வாங்கிப் பங்கிட்டுக்கொள்ளலாம். ஒரே பஸ் காசு, மொத்த விலை. முதல் மாதம் ஒரு பொருளோடு தொடங்குங்கள். பில்லை எல்லோரும் பார்க்கும்படி சுவரில் ஒட்டுங்கள். காசு வாங்குபவர் ஒருவராகவும் கணக்கு எழுதுபவர் இன்னொருவராகவும் இருக்கட்டும். பல சங்கங்கள் உடைந்தது பணம் இல்லாமையால் அல்ல, கணக்கைக் காட்டாமையால்.

கடைக்காரரை எதிரியாக்கவும் வேண்டாம். பஞ்சக் காலத்திலும் நோய்க் காலத்திலும் நமக்குக் கைகொடுத்தவர் அவர். பழைய கடனைத் தவணையாகத் தீர்ப்பதாக அவரிடம் சொல்லி, புதிய பொருட்களில் ஒரு பகுதியையாவது கைக்காசுக்கு வாங்கத் தொடங்கலாம்.

வட்டியின் வாய்

ஓட்டைகளில் மிகப் பெரியது வட்டி. தோட்டங்களுக்குள் தனியாள் வட்டி, நகையடகு, தவணைக்குத் தளபாடம், வாராந்தம் வசூலிக்கும் நுண்கடன் என்று அது பல உருவங்களில் வருகிறது. பெண்களைக் குழுவாகச் சேர்த்து, ஒருவருக்கு ஒருவர் பிணை வைத்துக் கொடுக்கும் நுண்கடன் முதலில் உதவியாகவே தோன்றும். ஒன்றைக் கட்ட இன்னொன்று என்று மூன்று நான்கு கடன் ஏறிய பின்புதான் அதன் பாரம் தெரியும். இந்தப் பாரத்தைத் தாங்க முடியாத பெண்கள் 2021 மார்ச் 8ஆம் திகதி பொலன்னறுவை மாவட்டத்தின் ஹிங்குராக்கொடையில் சத்தியாக்கிரகம் தொடங்கினார்கள். அவர்களும் நம்மைப் போன்ற விவசாயக் குடும்பத்துப் பெண்களே. கடன் ஒரு வீட்டின் வெட்கமாக மறைக்கப்படும்வரை அது வளர்கிறது. நாலு பேர் சேர்ந்து பேசும்போதுதான் அதற்கு ஒரு முடிவு கிடைக்கிறது.

கடன் வாங்கும் முன் நான்கு கேள்விகள் கேட்போம். மாத வட்டியா, ஆண்டு வட்டியா? கட்டி முடிக்கும்போது மொத்தம் எவ்வளவு கொடுத்திருப்போம்? ஒரு தவணை தவறினால் என்ன நடக்கும்? இந்தக் கடன் வருமானத்தைத் தருமா, அல்லது ஒரு நாள் விருந்தோடு முடிந்துவிடுமா? பதில் தெரியாமல் கையெழுத்தோ கைநாட்டோ வைக்கலாகாது. நமக்கு விளங்கும் மொழியில் எழுதிய பத்திரத்தைக் கேட்பது நமது உரிமை.

பல கடன்கள் ஏற்கெனவே இருந்தால், எதை முதலில் தீர்ப்பது? அதிக வட்டி உள்ளதை. மற்றவற்றுக்குக் குறைந்த தவணையைக் கட்டிக்கொண்டு, மிஞ்சும் ஒவ்வொரு ரூபாவையும் அதிக வட்டிக் கடனில் போட வேண்டும். நாட்கணக்கில் அணியாத நகை வட்டியில் மூழ்கிக்கொண்டிருந்தால், அதை மீட்க இன்னொரு கடன் வாங்குவதைவிட, ஒன்றை விற்று மற்றதைக் காப்பாற்றுவது சில வேளை மேல். மனம் கேட்காது, கணக்கு அப்படித்தான் சொல்கிறது.

வட்டிக்கு மாற்று வழி இந்நாட்டுக்குப் புதிதல்ல. ஜெர்மனியில் ரைப்பைசன் என்பவர் கடனில் மூழ்கிய உழவருக்காக 1860களில் கிராமக் கடன் சங்கங்களை அமைத்தார். அந்த எண்ணம் இலங்கைக்கு வந்து, 1911இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டமாயிற்று. அதன் வழியில் வளர்ந்தவையே சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கங்கள். 1978க்குப் பின் "சனச" என்ற பெயரில் அவை புத்துயிர் பெற்றன. அந்தப் பெயரைக் கவனியுங்கள்: சிக்கனமும் கடனுதவியும் ஒன்றாகவே நிற்கின்றன. சிக்கனத்தால் சேர்ந்த காசே அயலவருக்குக் கடனாகிறது. அவர் கட்டும் சிறு வட்டி மீண்டும் நமக்கே வருகிறது. பத்துப் பெண்கள் வாரம் ஐம்பது ரூபா சேர்த்தாலும் ஓராண்டில் 26,000 ரூபா. அவசரத்துக்கு வட்டிக்காரரிடம் ஓடாமல் இருக்க ஒரு லயத்துக்கு அது நல்ல தொடக்கம். அதுபோலவே நமது மரண உதவிச் சங்கங்களை உயிரோடு வைத்திருப்போம். ஒரு சாவு வீட்டில் நடந்த செலவால் மூன்று ஆண்டு கடன்பட்ட குடும்பங்கள் உண்டு.

விழாக்களைப் பற்றியும் ஒரு சொல். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பூப்புனித நீராட்டுக்கும் நாம் செலவிடுவது வீண் என்று சொல்ல மாட்டோம். ஆண்டு முழுவதும் உழைத்தவருக்கு ஒரு நாள் மகிழ்ச்சி வேண்டும். ஆனால் தீபாவளி முற்பணம் நன்கொடை அல்ல. அது பின்வரும் மாதங்களில் சம்பளத்திலிருந்து கழியும் கடன். அதைக் கையில் எடுக்கும் அன்றே, மாதம் எவ்வளவு கழியும் என்று வீட்டுக் கொப்பியில் எழுதிவிடுங்கள். "ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்று நம் பெரியவர்கள் சொன்னது கொடுக்காதே என்பதற்காக அல்ல, அளந்து கொடு என்பதற்காக.

அடுப்பும் சாக்குத் தோட்டமும்

மூன்று கல் அடுப்பு விறகைத் தின்றுவிடும். புகை தாயின் நெஞ்சைத் தின்றுவிடும். 1980களில் இலங்கையிலேயே உருவாக்கப்பட்ட அநாகி என்னும் மண் அடுப்பு, ஒரே நெருப்பில் இரண்டு பானையை வேக வைக்கும். விறகும் நேரமும் மிச்சம். கடலை, கௌப்பி, பயறு ஆகியவற்றை முந்திய இரவே ஊறப்போட்டால் பாதி வேலையை இரவே செய்துவிடும். பானைக்கு மூடி போடுவதும் விறகைக் குறைக்கும்.

சொந்த மண் இல்லாதவர்களும் ஒரு சிறு தோட்டம் வைக்கலாம். பழைய உரச் சாக்கில் மண்ணும் மக்கிய சாணமும் இலைக்குப்பையும் நிரப்பி, மேலே கத்தரி, மிளகாய், பக்கத் துளைகளில் கீரை என்று நட்டால் ஒரு சாக்கில் பல செடி. பொன்னாங்காணி, வல்லாரை, கங்குன் ஆகியவை பாத்திரம் கழுவும் இடத்தில் வடியும் நீரிலேயே வளரும். சவர்க்கார நீரை மட்டும் விலக்குங்கள். ஒரு முருங்கைத் தடியும், ஒரு பப்பாசியும், ஒரு கறிவேப்பிலைக் கன்றும் எந்த வாசலிலும் நிற்கும். ஊவாவில் பெருமழை ஒக்டோபர் முதல் ஜனவரி வரை. அடுத்த மழை சித்திரையில். இவற்றுக்கு முன்பே விதையைத் தயார் செய்வோம். வரண்ட மாதங்களுக்கு மரவள்ளியும் வற்றாளையும் காவல். ஆனால் செங்குத்தான சரிவைத் தோண்டித் தோட்டம் வைக்க வேண்டாம். நம் மலைகள் அதைத் தாங்கா என்பதை நாம் உயிர்களைக் கொடுத்துக் கற்றிருக்கிறோம்.

இடம்பெயர்ந்த குடும்பத்தின் கணக்கு

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்களை மண் மூடியது. உயிர் தப்பியவர்களில் பலர், புதிய வீடுகள் கிடைக்கும்வரை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கைவிடப்பட்ட ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்குள் வாழ்ந்தார்கள். 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையில் மண் சரிந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையில் பதுளை மாவட்டம் மீண்டும் பேரழிவைக் கண்டது.

இப்படி எழுந்து வந்த குடும்பத்துக்கு ஒருசில வார்த்தைகள். நிவாரண அரிசி வரும் மாதங்களில் உணவுச் செலவு குறைவு. அந்த மாதங்களில்தான் கடன் ஏறாமல் பார்க்க முடியும். அதிக வட்டிக் கடனில் ஒரு பகுதியைத் தீர்க்கவும் முடியும். இழப்பீடாக வரும் தொகையை ஒரே முறையில் எடுக்க வேண்டாம். இயன்றால் கணவன் மனைவி இருவர் பெயரிலும் உள்ள கணக்கில் போடுங்கள். வீட்டுப் பொருட்களைத் தவணைக்கு விற்க வருபவர்கள் இழப்பீட்டுத் தொகையின் வாசனையை நன்றாக அறிவார்கள். முதல் ஆறு மாதம் அவர்களுக்குக் கதவைத் திறக்க வேண்டாம்.

பத்திரங்களும் பணமே. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், ஊழியர் சேமலாப நிதி இலக்கம், வங்கிப் புத்தகம், பிள்ளையின் சிகிச்சை அட்டை ஆகியவற்றின் பிரதிகளைத் தண்ணீர் புகாத உறையில் வைத்து, இன்னொரு பிரதியை உறவினர் வீட்டில் வையுங்கள். தொலைந்தவற்றுக்குக் கிராம அலுவலர் மூலம் உடனே விண்ணப்பியுங்கள். 2023 ஜூலையில் சமுர்த்திக் கொடுப்பனவின் இடத்துக்கு வந்த அஸ்வெசும உதவிக்கும் இந்தப் பத்திரங்களே வாசல்.

சேமலாப நிதி நாம் அறியாமலே நமக்காகச் சேரும் சேமிப்பு. தொழிலாளியிடம் நூற்றுக்கு 8, தொழில் கொள்வோரிடம் நூற்றுக்கு 12. பெண்களுக்கு 50 வயதிலும் ஆண்களுக்கு 55 வயதிலும் அது கைக்கு வரும். செக்றோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர் என்ற காரணத்தால் முதுமையில் அலைபவர்கள் பலர். எழுத்துப் பிழையை இன்றே திருத்துவது ஆயிரக்கணக்கான ரூபாவைக் காப்பாற்றும் சிக்கனம்.

சிக்கனத்தின் எல்லை

இவ்வளவும் சொன்ன பின் ஓர் உண்மையை மறைக்கலாகாது. ஓட்டையை அடைக்கலாம், ஆனால் குடத்தில் விழும் நீரே போதாவிட்டால் அடைத்து மட்டும் தாகம் தீராது. 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1,000 ரூபா என்று வர்த்தமானியில் வருவதற்குத் தொழிலாளர்கள் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். அடுத்த ஆண்டின் விலையேற்றம் அதை விழுங்கிவிட்டது. 2024 செப்டெம்பரில் அது 1,350 ஆவதற்கு மீண்டும் போராட வேண்டியிருந்தது. நியாயமான சம்பளம், பயிரிட ஒரு துண்டு நிலம், பாதுகாப்பான இடத்தில் வீடு ஆகியவற்றைக் கேட்பதை நிறுத்திவிட்டுச் சிக்கனம் பழகுங்கள் என்று எவர் சொன்னாலும் கேட்க வேண்டாம்.

ஆயினும் இரண்டும் ஒன்றுக்கொன்று உதவும். கடனில் மூழ்கிய மனிதருக்கு ஒரு நாள் பேரை இழக்கவும் பயம். கூட்டத்துக்கு வரவும் பயம். சங்கத்தில் எழுந்து கேள்வி கேட்கும் துணிவு, வட்டிக்காரருக்குப் பயந்து ஒளிய வேண்டியிராதவருக்கு எளிதில் வருகிறது. தன் வீட்டுச் செலவை எழுதிவைத்த தாய், இந்தச் சம்பளம் போதாது என்பதை ரூபா சதக் கணக்கோடு சொல்ல முடியும். அந்தக் கணக்குக்கு மறுமொழி சொல்வது எவருக்கும் கடினம்.

வரும் பத்தாம் திகதி கடைக்காரர் தமது கொப்பியை விரிக்கும்போது, நமது கையிலும் ஒரு கொப்பி இருக்கட்டும்.

குழுக்களில் கலந்துரையாட

1. சென்ற மாதம் நம் வீட்டில் வட்டிக்கு மட்டும் போன தொகை எவ்வளவு? அதைக் கொண்டு வேறு என்ன வாங்கியிருக்கலாம்?
2. பணம் குறையும்போது நாம் முதலில் யாருடைய உணவைக் குறைக்கிறோம்? ஏன்?
3. நம் லயத்தில் ஐந்து குடும்பங்கள் சேர்ந்து மொத்தமாக வாங்கக்கூடிய முதல் பொருள் எது? கணக்கை யார் எழுதுவது?
4. நம் குடும்பத்தில் எவருடைய பெயர், சேமலாப நிதி இலக்கம், அடையாள அட்டை ஆகியவை ஒத்துப்போகவில்லை? அதைத் திருத்த இந்த மாதம் யார் போவது?
5. நம்மால் குறைக்க முடியாத செலவுகளை எல்லாம் கூட்டினால், ஒரு நாளுக்கு எவ்வளவு சம்பளம் தேவை?